செல்விக்கு மட்டும் கேட்கிற சத்தம்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆடிக் காற்று. கொடியில் துணி போட்டால் ஒரகடம் ரோட்டுப் புழுதி முழுக்க அதில்தான். ஏ ஷிப்ட். ஓ.டி. இல்லை. நாலு மணிக்கு வீடு.

காரை ஸ்டார்ட் செய்தால் சத்தம் வருகிறதாம். என் மனைவி செல்வி ஒரு வாரமாக இதே பாட்டு. "கிரீச்சுனு பல்லு கூசுதுங்க. உங்களுக்குக் கேக்கலியா?" எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பதினெட்டு வருடமாக பிரஸ் ஷாப்பில், தகடு அடிக்கிற மெஷினுக்கு டை என்கிற இரும்பு அச்சு மாட்டுகிறவன் நான். மெஷின் சத்தம் பற்றி எனக்கு இவள் பாடம் எடுக்கிறாள்.

ஆனாலும் பானெட்டைத் திறந்தேன். பேட்டரி டெர்மினல் சுரண்டியது. எர்த் கேபிள் இறுக்கியது. ஃபேன் பெல்ட் சரி. பன்னிரண்டு வருடத்து கார், இதற்கு மேல் என்ன செய்ய? எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து, "இன்னா சார், காலைல எங்களுக்கு அலாரமே வாணாம், உங்க வண்டி போதும்" என்று சிரிப்பு வேறு. எரிச்சல்.

வெள்ளிக்கிழமை கம்பெனியில் வருடாந்திர மெடிக்கல். கண், ரத்தம், காது. போன வருடம் காது சரியில்லை என்று எங்கள் குமரேசனை லைனிலிருந்து தூக்கி ஸ்டோரில் போட்டார்கள். அத்தனை பெரிய டையைத் தனியாக செட் பண்ணியவன், இப்போது நட்டு போல்ட் எண்ணிக்கொண்டிருக்கிறான். எனக்கு அந்த கதி வந்தால் என்னால் தாங்க முடியாது. எனக்கு ஏன் வரப்போகிறது? நன்றாகத்தானே இருக்கிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் அடம். நாலாவது தடவைதான் எடுத்தது. ஷிப்ட் முடிந்து நேராக சுங்குவார்சத்திரம், மெக்கானிக் ஜோசப் ஷெட்.

"இன்னா மாரி சத்தம் சார்? செஞ்சு காட்டுங்க."

என்னத்தைச் செய்து காட்ட? செல்விக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவள் "க்ரீஈஈ" என்று கத்திக் காட்டினாள். ஷெட்டே சிரித்தது. மானம் போயிற்று.

ஜோசப் தானே ஸ்டார்ட் செய்தார். முகத்தைச் சுளித்தார். "கேக்குதா சார்?"

"கேக்குது, கேக்குது" என்றேன். பொய்.

ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிக் காட்டினார். முன்னால் இருக்கும் சின்னப் பல் சக்கரம் மழுங்கிக் கிடக்கிறது. "எஞ்சின் ஓட ஆரம்பிச்சதும் இந்தப் பல்லு வெலகி வந்துடணும் சார். வராம ஒரசிக்கினே கீது." எஞ்சின் பக்கப் பல் தப்பித்தது, அதுவரை நிம்மதி. புது மோட்டார் நாளைக்கு. பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு.

ஆகஸ்ட் 6, புதன்

புது மோட்டார் மாட்டியாச்சு. ஜோசப் சாவியைத் திருப்பி, "பாருங்க சார், வெண்ண மாரி கீது" என்றார். எனக்கு நேற்றும் இப்படித்தான் இருந்தது. தலையை ஆட்டிவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன்.

வாங்க வேண்டியது: ஷேவிங் பிளேடு, தோசை மாவு, செல்விக்குத் தலைவலித் தைலம்.

நாலு விசில் வந்ததும் குக்கரை அணைக்கச் சொல்லிவிட்டு செல்வி மாடிக்குத் துணி எடுக்கப் போனாள். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. "மாடிக்கே கேட்டுச்சு. பக்கத்துல குந்திக்கினு இன்னாங்க பண்ணீங்க?" ஃபேன் சத்தம் என்றேன். தயிர் ஊற்றிச் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மறுபடியும் சத்தமாம்! காலையில் நான் வண்டி எடுக்கும்போது செல்வி வாசலில் நின்று காதைப் பொத்திக்கொண்டாள். நாள் முழுக்க வேலையே ஓடவில்லை. சாயங்காலம் ஜோசப் ஷெட்டில் போய்க் கத்து கத்து என்று கத்தினேன். பழைய மோட்டாருக்கு பெயின்ட் அடித்து மாட்டிவிட்டாய், ஏமாற்றுக்காரன், அது இது.

மனிதர் நேராக வண்டிக்குப் போனார். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். அணைத்தார். மறுபடி. ஐந்து தடவை. பிறகு, "நீங்க பண்ணுங்க சார்." கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என் கையையே பார்த்தார். திருப்பினேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"வுடுங்க சார்! வண்டி அப்பவே ஸ்டார்ட் ஆயிடுச்சு. இன்னும் சாவியப் புடிச்சிக்கினே கீறீங்க. ஓடுற எஞ்சின்ல போய் ஒரசுனா எந்த மோட்டாரு தாங்கும்? பழசும் இப்டித்தான் போயிருக்கும்."

ரோட்டில் லாரி போனது, அதனால் கேட்கவில்லை என்றேன்.

"எங்க சார் வேல?"

"பிரஸ் ஷாப்."

"காதுக்கு ஒண்ணும் வெக்க மாட்டீங்களா?"

இயர் பிளக் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. சேஃப்டி ஆபீசர் வந்தால் காதுக்கு ஏறும், அவர் போனதும் கழுத்துக்கு இறங்கும். எங்கள் லைனில் எல்லோரும் அப்படித்தான். டை சத்தம் காதில் விழுந்தால்தான் வேலை நடக்கும் என்று பெரிய பேச்சு வேறு.

ஜோசப்பிடம் மன்னிப்பு கேட்டிருக்க வேண்டும். செல்வி, "இன்னா சொன்னாரு?" என்றாள். சரியாகிவிட்டது என்றேன். பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தூறல். காரைத் தொடவில்லை. கம்பெனி பஸ்.

பத்தரைக்கு மெடிக்கல். ரத்தம் எடுத்தார்கள். கண் சரி. காதுக்கு ஒரு சின்னக் கண்ணாடி அறை. ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள் நர்ஸ். "ஒவ்வொரு காதா சத்தம் வரும். கேட்டா அமுக்குங்க சார். எவ்ளோ சின்ன சத்தமா இருந்தாலும்."

கேட்காவிட்டாலும் அவ்வப்போது அமுக்கிவிடலாம் என்றுதான் போனேன். உட்கார்ந்ததும் மனசு வரவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

தடித்த சத்தமாக நாலு வந்தது. நாலுக்கும் அமுக்கினேன். தைரியம் வந்தது. கண்ணை மூடி, மூச்சை அடக்கி, அடுத்ததற்காக உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. மெஷின் கோளாறு என்று நினைத்தேன். கதவு திறந்தது. நர்ஸ்.

"இன்னொரு காது எப்போ மேடம்?"

"ரெண்டும் முடிஞ்சிடுச்சு சார்."