கழுவ விடாத கால்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஆண்டவர் தயவில் நன்றாக இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தையல் மெஷினை மிதிக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டதால் கடை சாத்தியே கிடக்கிறது, வலதுகால் விரல் புண் ஆறவில்லை, ஈஸ்டர் முடிந்ததும் ஆபரேஷன், இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான்.

பெரிய வியாழன் பூசையில், ஆண்டவர் சீடர்களுக்குச் செய்ததுபோல் சாமியார் பாதம் கழுவிவிடும் பன்னிரண்டு பேரில் என்னையும் உட்கார வைத்தார்கள். வீட்டில் சோப்புப் போட்டு மூன்று தரம் தேய்த்தேன், கழுவிவிடப் போற காலுக்கு எதுக்கு இவ்வளவு குளிப்பாட்டு என்று அம்மா சிரித்தாள். போய்ப் பார்த்தால் மற்ற பதினோரு பேரும் என்னைப்போலவே தேய்த்துக் கழுவி வந்திருந்தார்கள், ஒருவர் பவுடர்கூடப் போட்டிருந்தார்! நான் புண் தெரியாமல் வலதுகாலில் சாக்ஸ் மாட்டிக்கொண்டு, சாமியார் வந்ததும் இடதுகாலை நீட்டினேன். அவர் சாக்ஸைப் பார்த்துவிட்டு அந்தக் காலைத்தான் பிடித்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அவருக்கோ முழங்கால் வலி, மெதுவாகச் சொன்னார், இழுக்காதீங்க, எழுந்தா மறுபடி என்னால குனிய முடியாது. சாக்ஸைக் கழற்றி, கட்டு நனையாமல் குதிகாலில் மட்டும் தண்ணீர் விட்டுத் துடைத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆண்டவர் கழுவ வந்தபோது சீடர் பேதுருவும் இப்படித்தான் காலைக் கொடுக்க மாட்டேன் என்றார். அது தாழ்மை என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன் மகளே. கழுவ விடாவிட்டால் உனக்கு என்னோடு பங்கில்லை என்று ஆண்டவர் ஏன் அவ்வளவு கண்டிப்பாகச் சொன்னார் என்பது அந்த நாற்காலியில்தான் உறைத்தது. வீம்புதான் தாழ்மை வேஷம் போட்டிருக்கிறது.

போன வாரம் போனில் நீ அழுதாய். ஊரார் அப்பாவுக்கெல்லாம் கட்டுப் போடுற நர்ஸ் நான், எங்க அப்பா காலைத் தொட விட மாட்டேங்கிறீங்களே என்றாய். மகள் கையால் புண்ணைக் கழுவ வைக்கும் அளவுக்கு நான் விழுந்துவிடவில்லை, வர வேண்டாம் என்று போனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

லீவு கேட்டுப் பார், கிடைத்தால் ஆபரேஷனுக்கு முன்னாலேயே வா. எதுவும் வாங்கி வராதே, உன் கை போதும். ராத்திரி டியூட்டி முடிந்ததும் தூங்காமல் போனை நோண்டாதே. ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பாராக.

இந்த முறை காலை இழுத்துக்கொள்ளாத,
உன் அப்பா