மாதப்பனின் அரை மணி நேரம்

என் பிரியமுள்ள மாதப்பா,

நீ எங்களை விட்டுப் போய் நாற்பது நாள் ஆகிறது. கம்பெனி பஸ்ஸில் உன் ஜன்னல் சீட்டுக்கு இப்போதே அடிதடியாம். எங்கள் கல்லூரியில் அடுத்த மாதம் கருத்தரங்கு. வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர், தன்னால் வர முடியவில்லை, பேச்சைக் கேசட்டில் அனுப்பட்டுமா என்று கேட்டு எழுதியிருக்கிறார். "ஆளே வராம என்ன சார் கருத்தரங்கு?" என்று கமிட்டியில் சிரித்தார்கள். முடிவை மட்டும் என்னிடம் விட்டுவிட்டார்கள். போயும் போயும் என்னிடம்!

சேலத்தில் இருவரும் ஒன்றாகத்தான் எம்.ஏ. படித்தோம். எனக்குக் கிருஷ்ணகிரியில் கல்லூரி வேலை கிடைத்தது, உனக்கு ஓசூரில் மிஷின் வேலை. ஆனால் பல பாஷை கலந்து பேசுவதைப் பற்றிய நம் ஆராய்ச்சி பிறந்தது உன் கம்பெனி பஸ்ஸில்தான். ஜன்னலுக்குத் தமிழில் சண்டை, சமாதானம் கன்னடத்தில், வீட்டுக் கவலை தெலுங்கில், சூப்பர்வைசரைத் திட்ட மட்டும் கொஞ்சம் இங்கிலீஷ். விருதுநகரிலிருந்து வந்த எனக்கு அதில் பாதி புரியாது. கல்லூரி லீவு நாட்களில் உன்னோடு ஏறிக்கொள்வேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றிலிருந்து அழைப்பு வந்தபோது இருவர் பெயரும் அதில் இருந்தது. உனக்கு லீவு கிடைக்கவில்லை. வர முடியாதவர்கள் பேசி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் பாதி எனக்கு, பாதி உனக்கு. நீ கேசட்டின் ஒரு பக்கம் முழுக்கப் பேசி, பென்சில் விட்டுச் சுற்றி ஆரம்பத்துக்குக் கொண்டுவந்து, என் கையில் கொடுத்தாய்.

"மச்சான், முடிஞ்சதும் திருப்பிச் சுத்திடாதடா. ஓடி நின்ன எடத்துலயே எடுத்துகினு வா. நான் போகலன்னாலும் என் பேச்சு அங்க போயி நின்னுச்சுன்னு பாத்துக்கிறேன்."

அதை நான் மறந்தேன், மாதப்பா. உன் முகத்துக்கு நேரே பொய் சொன்ன அன்றுகூட அது என் நினைவுக்கு வரவில்லை.

அங்கே நமக்கு முன்னால் வேறொருவரின் கேசட்டைப் போட்டார்கள். மேடையில் ஆள் இல்லை, மேஜைமேல் ஒரு டேப் ரெக்கார்டர் மட்டும். சிலர் கொட்டாவி விட்டார்கள், சிலர் காப்பி குடிக்க எழுந்து போனார்கள். உனக்கும் இதே கதி ஆகிவிடும் என்று பயந்தேன். அதனால்தான் என்று இத்தனை வருஷம் எனக்கே சமாதானம் சொல்லி வந்தேன். உன் இங்கிலீஷை அந்தச் சபையில் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அதுதான் நிஜம். தலைவர் "கேசட்டைப் போடலாமா?" என்று கேட்டார். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன். உன் அரை மணி நேரத்தையும் நானே பேசினேன். ஜன்னல் சண்டையைச் சொன்னபோது சபையே சிரித்தது. தேநீர் இடைவேளையில் ஒரு அம்மாள், இதில் இரண்டாவதாக இருக்கும் பெயர் யாருடையது என்று கேட்டார். "எனக்குத் தகவல் சேகரித்துக் கொடுத்த ஒரு தொழிலாளி" என்றேன்.

திரும்பி வந்ததும் பஸ் ஸ்டாண்டில் காத்துக்கொண்டிருந்தாய். "சிரிச்சாங்களாடா? ஜன்னல் சண்ட வர்ற எடத்துல?"

"விழுந்து விழுந்து சிரிச்சாங்க. உன் குரலுக்கு ஒரே கைதட்டல்."

கேசட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். "சரி, வா மச்சான், டீ குடிக்கலாம்." டீயைக்கூட நீதான் வாங்கிக் கொடுத்தாய். அதற்குப் பிறகு நீ எந்த மைக் முன்னாலும் பேசியதில்லை. நான் கேட்கும்போதெல்லாம், ஷிப்ட் இருக்குடா என்பாய்.

போன ஞாயிற்றுக்கிழமை வேப்பனப்பள்ளியில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் மனைவி ரத்னம்மா அந்தக் கேசட்டை எடுத்து வந்து கொடுத்தாள்.

"அவரு இத ஒரு தடவகூட போட்டுக் கேக்கலைங்கண்ணா. பொண்ணு போட எடுத்தப்பகூட, அது அப்பிடியே இருக்கட்டும்னு புடுங்கி வெச்சுட்டாரு."

நாடா முழுவதும் இடது பக்கத்துச் சக்கரத்திலேயே இருந்தது. ஓடியிருந்தால் வலது பக்கம் போயிருக்க வேண்டும். அப்போதுதான் பஸ் ஸ்டாண்டில் நீ பார்த்தது என்ன என்று எனக்குப் புரிந்தது. ரத்னம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் கேசட்டோடு கிளம்பி வந்துவிட்டேன். அன்றைக்கே தெரிந்துகொண்டா இத்தனை வருஷம் என்னை மச்சான் என்று கூப்பிட்டாய்? ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?

அந்த வெளிநாட்டுக்காரருக்குக் கேசட்டை அனுப்பச் சொல்லி எழுதிவிட்டேன். அது ஓடி முடியும்வரை யாரும் எழுந்து போகாதபடி கதவருகே நான் நிற்பேன். அவருக்கு முன்னால் உன் அரை மணி நேரம். ரத்னம்மாவும் உன் மகளும் முன்வரிசையில் இருப்பார்கள். நான் செய்ததை முதலில் என் வாயால் சொல்லிவிட்டு, பிறகு பட்டனை அழுத்துவேன். கேசட் ஓடி நின்ற பிறகு திருப்பிச் சுற்ற மாட்டேன். அப்படியே கொண்டுபோய் உன் படத்துக்குக் கீழே வைப்பேன். பார்த்துக்கொள்.

நீ கடைசிவரை மச்சான் என்றே கூப்பிட்ட,
உன் மச்சான்