எழுவாய்?

மார்ச் 3
கணக்கு வாத்தியார் என் நாவல் பிரதியைத் திருப்பிக் கொடுத்தார். "சூப்பர் சார், விறுவிறுன்னு போகுது." கயிற்றில் நான் போட்ட முடிச்சு போட்டபடியே இருக்கிறது. கட்டைப் பிரிக்காமலே விறுவிறுப்பு! மகா மனிதர்.

மார்ச் 9
மைத்துனர் உண்மையிலேயே படித்துத் தொலைத்துவிட்டார். "கடைசியில அண்ணன் தம்பி சேர்ந்துட்டா ஜோரா இருக்கும் மச்சான்." கல்யாண வீடியோ எடுக்கிறவர். எல்லாரையும் கடைசியில் ஒரே வரிசையில் நிறுத்தியே பழக்கம்.

மார்ச் 21
பதிப்பகத்திலிருந்து பிரதி வந்துவிட்டது. மெய்ப்புப் பார்க்கும் அம்மாள் முந்நூறு பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் பென்சில் வைத்திருக்கிறார். கதை சொல்லும் அண்ணன் எதிரில் தம்பி பெட்டியோடு வாசலில் நிற்கும் காட்சி. 'கதவு சாத்திக்கொண்டது' என்ற வரிக்குப் பக்கத்தில் 'எழுவாய்?' என்று ஒரு கேள்வி.

எனக்கு! இருபத்திரண்டு வருஷமாக இலக்கணம் நடத்துகிறவனுக்கு! கதவு எழுவாய், சாத்திக்கொண்டது பயனிலை. ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். இவர் கையில் யார் பென்சிலைக் கொடுத்தது?

மார்ச் 22
போன் போட்டுக் கேட்டே விட்டேன். "இலக்கணப்படி சரிதான் சார். யார் சாத்தினாங்கன்னு தெரிஞ்சுக்கத் தோணுச்சு, அவ்வளவுதான்." தோணுச்சாம்!

மார்ச் 23
ஆசிரியர் அறையில் மூன்று பேரிடம் சொல்லிச் சிரித்தேன்.

மார்ச் 25
மனைவியிடமும் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால், "நம்ம வீட்டுக் கதவு தானா எங்கங்க சாத்திக்கும்? தரையில உரசுதே. ரெண்டு கையால தூக்கித் தள்ளணும்" என்கிறாள்.

"இது நாவல்டி."

"சரிங்க." தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்குள்ளேயே ஒரு விமர்சகி! வெளியே இருக்கிற கூட்டம் போதாதா?

— எவ்வளவு நேரம் தள்ளினேன்? அவன் எதிரில்தானே நின்றான்? அண்ணான்னு கூப்பிட்டானே... சே, எதுக்கு இப்ப அதெல்லாம்.

ஏப்ரல் 2
'கதவைச் சாத்தினேன்' என்று மாற்றினேன். தோன்றா எழுவாய். அதற்குள்ளும் ஒளிந்துகொள்ளலாம், எனக்குத் தெரியாதா? முன்னால் 'நான்' சேர்த்தேன். அந்த அம்மாளுக்கு இனித் தலைகால் புரியாது.

அந்த அத்தியாயத்தை மட்டும் தம்பிக்குத் தபாலில் அனுப்பினேன். முகவரி மனைவியிடம் இருந்தது.

ஏப்ரல் 11
தம்பி பேசினான். ஒன்பது வருஷம். நலம்கூட விசாரிக்கவில்லை.

"படிச்சேன். மழை பெய்யுதுன்னு எழுதியிருக்கே. அன்னிக்கு மழையெல்லாம் இல்லண்ணா. நல்ல வெயில். சாயங்காலம் வரைக்கும் வாசல்லதான் நின்னேன்."

"சரிடா" என்றேன்.

மழையை அடித்துவிட்டேன்.