தட்டில் வைத்த காசு

6 ஜூன் 2005

இடது கையில் இன்று மருதாணிக் கொடி நன்றாக வந்தது. காய்ந்ததும் நெல்பேட்டை மின்ஹாஜ் அண்ணனின் பிரவுசிங் சென்டருக்கு ஓடி, வெப்கேம் முன் கையை நீட்டிப் படம் எடுத்து ‘மருதாணிக் கைகள்’ இணையக் குழுவில் போட்டேன். “என்னா கைடி உனக்கு!” என்று கோயம்புத்தூர் இந்துப்ரியா உடனே எழுதிவிட்டாள். பரீட்சையில் இதே கையில் இருந்த மருதாணியைப் பார்த்துத்தான் பிட் எழுதியிருக்கேன் என்றார்கள். சண்டை போட்டேன், காலேஜையே விட்டேன். கையில் இருப்பது அடுத்த வாரம் அழிந்துவிடும். குழுவில் இருக்கும்.

10 ஜூன்

குழுவை நடத்தும் சீதாலட்சுமி அக்கா ஒருத்தியை நீக்கிவிட்டார். சேலத்துப் பெண். கல்யாண வீட்டில் மருதாணி வைக்கக் காசு வாங்கினாளாம். முதல் விதியே அதுதான்: ஆசைக்கு வரைகிறவர்கள் மட்டும். “இது கை, கடை இல்லை” என்று அக்கா எழுத, எல்லாரும் சபாஷ் போட்டார்கள். நானும் போட்டேன்.

நாளைக்கு எங்கள் தெரு அஜ்மல் பீவி மாமி மகளுக்கு மருதாணி வைக்கப் போவது நான்தான். பயமாக இருக்கிறது.

11 ஜூன்

கூலி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியாச்சு. குழுவைப் பற்றிக் கல்யாணப் பெண்ணிடம் பீற்றிக்கொண்டே வரைந்தேன். முடித்து எழுந்தால், மாமி வெற்றிலைத் தட்டோடு நிற்கிறார். வெற்றிலைக்கு அடியில் நோட்டு.

“வேணாம் மாமி.”

“ஏண்டி, வச்சவ வெறுங்கையோட போனா எம்மகளுக்கு ஆகுமா? கிறுக்கி, பிடி!”

வீடே பார்க்கிறது. வாங்கினேன். பெண்ணின் அண்ணன் பாதுஷா, துபாய்க்காரன், பளிச்சென்று போட்டோ எடுத்தான்.

14 ஜூன்

செத்தேன்.

பாதுஷா குழுவில் சேர்ந்து அந்தப் போட்டோவைப் போட்டிருக்கான். “எங்க மதுரப் புள்ள சுஃபியா! இம்புட்டு கொறச்சலா யாரு வாங்குறா? நம்பிக் கூப்பிடுங்க!” எனக்கு நல்லது செய்றானாம்!

கீழே இந்துப்ரியா: “தட்டுல வெத்தல மட்டும்தானா சுஃபியா?”

மின்ஹாஜ் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“காசு வாங்குனா கொலக் குத்தமா? நான் மணிக்கு இம்புட்டுன்னு வாங்கலையா?”

“உங்களுக்குப் புரியாதுண்ணே. என்னைய நீக்கிருவாங்க.”

“படத்தப் பூராம் சிடியில போட்டுத் தாறேன், அழுவாத.”

சிடிய வச்சு யாருகிட்ட காட்ட?

15 ஜூன்

சென்டருக்குப் போகவில்லை. பயம்.

16 ஜூன்

என்னை வைத்துக்கொள்வதா நீக்குவதா — அக்கா வாக்கெடுப்பு வைத்திருக்கிறார். பொய் சொல்லலாமா? வெற்றிலை மட்டும்தான் என்று? அடித்தேன், அழித்தேன். கடைசியில், “வாங்கினேன். வாங்காவிட்டால் அந்த வீட்டுக்கு அவமானம். வரைந்தது ஆசைக்குத்தான்” என்று போட்டுவிட்டு எழுந்து ஓடிவந்துவிட்டேன். அவங்களும் இல்லாட்டி நான் வரையறத எவ பாப்பா?

18 ஜூன்

தனியாக ஒரு செய்தி. இந்துப்ரியா. “நானும் வாங்கிட்டுத்தான்டி இருக்கேன். தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிராத.” இன்னும் இரண்டு பேரும் அதே மாதிரி. யார் யார் எப்படி வாக்களித்தார்கள் என்று பார்த்தேன். மூன்று பேருமே ‘நீக்கலாம்’.

அவர்கள் எழுதியதை எடுத்து அப்படியே எல்லாருக்கும் போட்டால் போதும். போடப் போனேன். அன்றைக்குச் சேலத்துப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்? அவளை விரட்டிய கூட்டத்தில் நானும்தானே? இந்த மூணு பேரும் இப்ப என்னைய மாதிரியே பயந்துக்கிட்டு இருப்பாங்க. மூடிவிட்டு வந்தேன்.

19 ஜூன்

குழுவுக்குள் நுழையப் பாஸ்வேர்டு ஏற்கவில்லை. நீக்கியாச்சு.

24 ஜூலை

உசிலம்பட்டிக் கல்யாணம். கூலி பேசித்தான் போனேன். இரண்டு கையும் வரைந்தேன். படம் எடுத்து யாருக்கும் காட்டவில்லை.

திரும்பும்போது சென்டரில் மெயில் பார்த்தேன். இந்துப்ரியா. “நீ குழுவுல போட்ட அந்த மயிலோட கழுத்தை மணிக்கட்டுல எப்படித் திருப்புவ? எனக்கு வந்த கல்யாணப் பார்ட்டி அதேதான் வேணும்னு நிக்கிறாங்க. குழுவுல கேட்க முடியாது.”

திட்டி நாலு வரி அடித்தேன். அழித்தேன். பையில் மிச்சமிருந்த மருதாணிக் கோனை எடுத்து என் மணிக்கட்டில் வளைவு வளைவாக வரைந்து, ஒவ்வொன்றையும் படம் பிடித்து அனுப்பினேன்.

“இதுக்கு அவகிட்ட எம்புட்டு வாங்குவ?” என்றார் மின்ஹாஜ் அண்ணன்.

“ஒண்ணுமில்லண்ணே.”

எழுந்து வர மனசில்லை. மெயில் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை எழுதுவாளா?