ரயில்வே கேட்டும் ஒலிக்காத மைக்கும்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், பல் இரண்டு ஆடுகிறது, மற்றபடி குறையில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்தக் குளிரைத் தாங்கிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். உன் சித்தப்பா மூட்டுவலிக்கு ஊசி போட்டுக்கொண்டு இப்போது என்னைவிட வேகமாக நடக்கிறான், அந்தப் பெருமையைத் தெருவெல்லாம் சொல்லியும் ஆகிவிட்டது. அம்மாவின் தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டு மூடி வைத்திருக்கிறேன், யாருக்கும் கொடுக்கவில்லை, கவலைப்படாதே. போன வாரம் போனில், கூட்டத்துல என்னதாம்ப்பா பேசினீங்க என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். பாலும் இல்லை, அடுப்பும் பற்றவைக்கவில்லை. வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நம் தொகுதியை எடுத்துவிடப் போகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா. நான் அரைக்கால் சட்டை போட்ட காலத்தில், மூன்று பெரிய தொகுதிகளில் மிஞ்சிய ஓரங்களை வெட்டுத்துணி மாதிரி ஒட்டுப்போட்டு உண்டாக்கிய தொகுதி இது. இதுவரை சட்டமன்றத்துக்குப் போனவர்கள் நாலு பேர், முதல் ஆளுக்கு உன் தாத்தா மைக் செட் கட்டினார், மற்ற மூவருக்கும் நான். முதலில் சைக்கிள் வாத்தியார், ரயில்வே கேட்டுக்கு மேலே பாலம் வேண்டும் என்று சட்டமன்றத்தில் கத்திக் கத்தியே காலமானார். அடுத்தவர் ஊர் மாப்பிள்ளை, நம் ஊரில் பெண்ணெடுத்தார் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது, பாலத்துக்கு அவர் நட்ட அடிக்கல்லில் இப்போது ஆடு கட்டுகிறார்கள். மூன்றாவது ஆளுக்குப் பட்டப்பெயரே தொண்டை, பாலம் பாலம் என்று அவர் முழங்கியதில் என் ஸ்பீக்கர் இரண்டு கிழிந்ததுதான் மிச்சம். இப்போது இருக்கும் வக்கீலம்மாதான் நிஜமாக அலைந்தார், மண் பரிசோதனைவரை கொண்டுவந்துவிட்டார். அதற்குள் புதுக்கோடு போட்டுவிட்டார்கள். தண்டவாளம்தான் எல்லையாம், வடக்கே ஒரு தொகுதி, தெற்கே ஒரு தொகுதி. இனிமேல் பாலம் என்று போய் நின்றால் இவர் அவரைக் கைகாட்டுவார், அவர் இவரை.

ஆட்சேபம் சொல்ல நூலக மாடியில் கூட்டம் போட்டார்கள், மைக் செட் நம்முடையதுதான். வக்கீலம்மா முதல் நாளே வந்து, அண்ணே, நான் பேசினா பதவிக்காகப் பேசறேன்னுவாங்க, உங்க வீட்ல நடந்ததை நீங்க சொல்லுங்க, கேட்டோட ரெண்டு பக்கத்தையும் ஒரே தொகுதியில விடச் சொல்லுங்க என்றார். சித்தப்பாவோ, அண்ணன் வீட்லயே வாயைத் திறக்காது, மேடையிலயா திறக்கப்போவுது என்று சிரித்தான். என் பழக்கம் உனக்குத் தெரியும், ஒருவர் பேசி இறங்கியதும் ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தை இறக்கிவிடுவேன், இல்லாவிட்டால் ஸ்பீக்கர் ஊளையிடும், அடுத்தவர் வாயைத் திறக்கும்போது ஏற்றுவேன். அடுத்தவர் நானே என்றால் பெட்டிக்கு முன்னால் யார் இருப்பார்கள்? இத்தனை வருஷத் தொழிலில் அது எனக்குத் தோன்றவே இல்லை. இறக்கிவிட்டு, போய் நின்று, முழுசும் பேசி முடித்தேன். காது அடைத்திருந்தது, என் குரல் ஸ்பீக்கரில் வரவில்லை என்பதே தெரியவில்லை. யோவ் மைக் செட்டு, உன் மைக்கு உனக்கே வேலை செய்யலையா என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். ஆட்சேபம் கேட்க வந்திருந்த அதிகாரி தங்கமானவர், திரும்பச் சொல்லுங்க ஐயா என்றார். முடியவில்லை கண்ணு, ஒரு தடவை சொல்லத்தான் என்னிடம் தெம்பு இருந்தது. கும்பிட்டுவிட்டு இறங்கிப் போய் அடுத்தவருக்குச் சத்தத்தை ஏற்றிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் நான்தான் முதலில் சிரித்திருப்பேன்.

நேற்று முடிவு வந்துவிட்டது, கோடு தண்டவாளத்தின் மேலேயேதான். நீங்க சத்தமாப் பேசியிருந்தாலும் மாத்தியிருக்க மாட்டாங்கண்ணே என்று வக்கீலம்மா வீடு தேடி வந்து சொன்னார். நிஜமோ ஆறுதலோ, அம்மாவின் படத்துக்கு நேரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன்.

நான் பேசியது இவ்வளவுதான். ஆஸ்பத்திரி அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். உன் அம்மாவை ஏற்றிய ஆம்புலன்ஸ் மூடின கேட்டில் நின்றது, சரக்கு வண்டி போய்க்கொண்டே இருந்தது. அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, உங்க மைக்குல பாலம் கட்டினவங்க நாலு பேரையும் கூப்பிடுங்க, ஆளுக்கு ஒரு மூலை பிடிச்சு என்னைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கட்டும் என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், நானும் சிரித்தேன். கேட் திறந்தபோது நான் மட்டும்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். ஒன்றை மறந்துவிடாதே, லீவுக்கு வரும்போது கேட் மூடியிருந்தால் அவசரப்பட்டுக் குனிந்து நுழையாதே, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு நின்று வா. எவ்வளவு நேரமானாலும் நான் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா