லேசர் கழன்றால் வரும் குரல்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து மூன்று தடவை லேசர் கழன்றது. அதாவது, அணுக்களுக்கு ஏற்ற அலைநீளத்தை விட்டு நழுவியது. மூன்று தடவையும் மச்சினன் பேசினான். "அத்தான், லேசர் கழண்டுடுச்சு. பதறாதீங்க, மெதுவா புடிங்க." எச்சரிக்கை மணிக்குப் பதிலாகத் தன் குரலைக் கணினியில் பதிந்து வைத்த குறும்புக்காரன். லேசரைத் திரும்ப அந்த அலைநீளத்தில் பிடிக்கும்வரை அரை நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லும். அவன் செத்து ஐந்து மாதம் ஆகிறது. குரலை அழித்துவிட வேண்டும்.

மார்ச் 5, புதன்

அழிக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

வீட்டில் மனைவியிடமிருந்து "சாப்பிட வாங்க" என்பதைத் தவிரப் பேச்சில்லை. இவள் தம்பியை ஆய்வகத்தில் சேர்த்தவனும் நான், வெளியே அனுப்பியவனும் நான். ஒரு தடவையாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

பொட்டாசியம் அணுக்களை, இதற்குமேல் முடியாது என்கிற அளவுக்குக் குளிரவைத்து, லேசர் ஒளியாலேயே ஆன முட்டைத் தட்டில் போடுகிறோம். குழி ஆழமில்லாவிட்டால் அவை குழிக்குக் குழி தாவித் திரியும். ஒளியைக் கூட்டி ஆழமாக்கினால், ஒரு கட்டத்தில் குழிக்கு ஒன்றாக அடங்கிவிடும். சூடு குறைந்ததால் வருகிற மாற்றமல்ல, ஆழத்தால் வருவது. எங்கள் கருவியில் அதைப் பார்த்துவிட்டதாக அவன் அணுக்களின் படங்களோடு வந்து சொன்னான். நான் பதினோரு நாள் ஓட்டிப் பார்த்தேன். அணுக்கள் அதுபாட்டுக்குத் திரிந்தன.

படங்களை அவன் ஜோடித்திருக்கிறான் என்று இயக்குநரிடம் சொன்னேன். சொந்தக்காரனுக்குப் பரிந்து பேசினால் என் பெயர் கெடுமே — அந்தப் பயம்தான், நேர்மையெல்லாம் இல்லை. அவனுக்கு வேலை போயிற்று. வேறு ஊருக்குப் போனான். அங்கே காய்ச்சல், பத்தே நாள்.

போகுமுன் வாசலில் நின்று கேட்டான்: "நீங்க மெதுவா ஏத்துனீங்களா அத்தான்?"

கதவைச் சாத்தினேன்.

மார்ச் 11, செவ்வாய்

அந்தக் கேள்வி மண்டையைக் குடைந்ததில், பழைய ஓட்டங்களின் கோப்புகளைத் திறந்தேன். ஒளியை ஏற்ற அவன் எடுத்துக்கொண்டது இருநூறு மில்லிவிநாடி. நான் இருபது.

ஏன் இருபது?

அந்தப் பதினோரு நாளுக்கு முந்தைய வாரம் ஒளிக்கற்றைகளை நேர்செய்யும்போது, சீக்கிரம் முடியட்டும் என்று நானேதான் குறைத்தேன். திருப்பி வைக்க மறந்திருக்கிறேன். வெடுக்கென்று ஏற்றினால் அணுக்கள் சூடாகிவிடும், அடங்காது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவனுக்கே தெரியும். ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். அவன் கேட்டானே. வாயைத் திறந்து கேட்டானே.

மார்ச் 12, புதன்

இருநூறு வைத்தேன். நான்காவது படத்தில் வந்துவிட்டது. நடுவில் குழிக்கு ஒன்று, அவன் சொன்ன அதே ஆழத்தில்.

அந்த நேரம் பார்த்து லேசர் கழன்றது. பதறாதீங்க என்கிறான். டேய், என்னைத் திட்டித் தொலைடா. கருவிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 13, வியாழன்

தவறு என்னுடையது, படங்கள் உண்மை என்று எழுதிக் கொடுத்தேன். ஆளே இல்லை, இனிமேல் தோண்டி என்ன ஆகப்போகிறது என்றார் இயக்குநர். அவன் பெயர் இருக்கிறதே என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

அவளிடம் சொன்னேன், அடுக்களையில் நின்றபடி. அடுப்பை அணைத்தாள்.

"அப்ப அவன் பொய் சொல்லல."

"இல்ல."

"எனக்குத் தெரியும்" என்றாள். ராத்திரி அந்தச் "சாப்பிட வாங்க"வும் இல்லை.

ஏப்ரல் 2, புதன்

இந்த முடிவுகளைப் பற்றிய கட்டுரை அவன் பெயரை முதலில் தாங்கி ஆய்விதழுக்குப் போய்விட்டது. நான் எழுதிக் கொடுத்ததன் பலன், ஆய்வுக் குழுத்தலைமை இப்போது என்னிடம் இல்லை. வெள்ளிக்கிழமை ஆய்வகச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

அதனால்தான் குரலைப் பற்றி அவளிடம் காலையில் சொன்னேன். செருப்பைப் போட்டுக்கொண்டு உடனே என்னோடு ஆய்வகத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

கண்ணாடி ஒன்றை விரலால் தட்டி லேசரை நானே கழற்றினேன். அவன் பேசினான். அவள் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது தடவை பேசி முடித்ததும், திரும்பப் பிடிக்கக் கையை நீட்டினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"புடிக்காதீங்க. பேசட்டும்."

ஒரு நாற்காலியை இழுத்துக் கொடுத்தேன். மதியம்வரை எந்த அணுவையும் குளிர வைக்கவில்லை.