நாலு புள்ளி ஒன்று

ஜூன் 3

காலை 1.32. மதியம் 1.32. மாலை 1.30.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். ஆற்றோரம் எங்கே தடுப்புச் சுவர் கட்டுவது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்லப் போகிறாளாம். வந்ததும் என் டீ கிளாஸைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் லேப்டாப்பை வைத்தாள். அவளுக்கு லேப்டாப் என்றே பெயர் வைத்துவிட்டேன்.

பத்தொன்பது வருடமாகத் தினம் மூன்று முறை பாலத்துப் படியில் இறங்கி, தூணில் இருக்கும் அளவுப் பலகையைப் பார்த்து நீர்மட்டத்தை மீட்டரில் எழுதுகிறவள் நான். சுவர் எங்கே வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? என்னை எவன் கேட்டான்.

ஜூன் 9

"மேடம், பழைய பதிவேடெல்லாம் வேணும்" என்றாள். அலமாரிச் சாவியை மேசையில் எறிந்தேன். கையில் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

ஜூன் 21

பதிவேட்டுத் தூசியில் லேப்டாப் நாள் முழுக்கத் தும்மினாள். நன்றாகத் தும்மட்டும்.

ஜூலை 14

வரைபடத்தைச் சுவரில் ஒட்டினார்கள். சிவப்பு என்றால் வெள்ளம் வரும் இடம், சுவரும் அங்கேதான் வரும். சந்தைப் பக்கம் சிவப்பு. கீழ்த்தெரு வெள்ளை.

கீழ்த்தெருவில்தான் என் தம்பி குடும்பம் இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன்னால் தம்பி பெண்டாட்டி கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, கைக்குழந்தையை மர பீரோவின் மேல் வைத்து, மத்தியானம் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தெரு வெள்ளையாம்! பெரிய என்ஜினியர் வேறு, "அங்க கொஞ்சம் தண்ணி நிக்கும், வடிஞ்சிடும்" என்கிறார். அவர் வீடு மேட்டில் இருக்கிறது. சொல்ல மாட்டாரா?

எழுந்து கத்தினேன். "உங்க மெஷினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

லேப்டாப் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதுக்குக் கண்ணு கிடையாது மேடம். நீங்க எழுதினதுதான் அதுக்குக் கண்ணு."

அறையலாம் போல இருந்தது.

ஜூலை 15

என்னைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டாள். "பத்தொன்பது வருஷத்துல அஞ்சு வெள்ளம் வந்திருக்கு. அஞ்சுலயும் ஆறு சரியா நாலு புள்ளி ஒண்ணுலயே நின்னுருக்கு. எப்படி மேடம்?"

எப்படி என்று எனக்குத் தெரியும். நாலு புள்ளி ஒன்று வந்ததும் படி முழுகிவிடும். அதற்கப்புறம் பலகையைப் பார்க்க வழியில்லை. தண்ணீர் இறங்கிப் படி தெரிகிற வரைக்கும் பதிவேட்டில் 'மேற்படி' என்று எழுதிக்கொண்டே போவோம். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார். தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்பார்கள், அந்தக் கதைதான். பாலத்து மேலிருந்து பார்க்கிற மாதிரி இன்னொரு பலகை மாட்டுங்கள் என்று இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். எவனாவது மாட்டினானா?

இந்த மகராசி ஒவ்வொரு 'மேற்படி'யையும் கம்ப்யூட்டரில் 4.10 என்று தட்டி வைத்திருக்கிறாள். கீழ்த்தெரு வரைக்கும் தண்ணீர் ஏறியதே இல்லை என்று அது நம்பிவிட்டது. ஒரு வார்த்தை கேட்க வேண்டியதுதானே. படித்த திமிர்!

"தெரியாது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

ஜூலை 16

தெரியாது என்று சொன்னேன்.

ஜூலை 22

தம்பி போனில். "அக்கா, சுவரு நம்ம பக்கம் வருதுல்ல? நீதான் அங்கயே இருக்கியே, எனக்கென்ன கவலை."

வரும் என்றேன். போனை வைத்தேன். இந்த ஆபீஸ், அந்த லேப்டாப், எனக்கு முன்னால் இருந்தவர் — எல்லாரையும் திட்டிப் பார்த்தேன். கடைசியில் யார் கையெழுத்து? என்னுடையதுதான்.

ஜூலை 24

சொல்லிவிட்டேன். அவள் கத்துவாள், பதிலுக்குக் கத்தலாம் என்று தயாராகப் போனேன். கத்தவில்லை. "எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?" என்று மட்டும் கேட்டாள். பெரிய என்ஜினியர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "வேலைக்கே உலை வெச்சுக்காத. இத்தனை வருஷம் தெரியாதது இப்ப மட்டும் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்றார்.

அவர் சொன்னதாலேயே கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 26

கையெழுத்து போதாதாம். தண்ணீர் எவ்வளவு வந்தது என்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம். தம்பி வீட்டுக்குக் கூட்டிப் போனேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். ஆனால் மர பீரோவைத் திருப்பினால் முதுகில் மூன்று கறைக் கோடுகள், ஒன்றுக்கு மேல் ஒன்று.

லேப்டாப் தரையிலிருந்து மூன்றையும் அளந்தாள். "நிறுத்து" என்றேன். "ரெண்டாவது கோடு விழுந்ததுக்கு அப்புறம்தான் பீரோவைச் செங்கல்லுல தூக்கி வெச்சாங்க. மேல் கோடு சரி. கீழ ரெண்டும் விழுந்தப்ப பீரோ தரையில இருந்துச்சு, அதுக்குச் செங்கல் உயரத்தைக் கழி."

வாயைத் திறந்து என்னைப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது.

முக்காலி மேல் மட்டம் பார்க்கிற கருவியை வைத்து, பாலம் வரைக்கும் உயரம் பிடித்துக் கணக்குப் போட்டாள். மேல் கோடு, அந்த ஆறு வருடத்துக்கு முந்தைய வெள்ளம், பலகைக் கணக்கில் 5.65. நான் எழுதியது 4.10. ஒன்றரை மீட்டர் வித்தியாசம். ஏறக்குறைய தம்பி பெண்டாட்டியின் கழுத்து உயரம்.

தம்பி இரண்டு பேருக்கும் டீ கொடுத்தான். "இனிமே சுவரு வந்துடும்ல?" என்றான்.

ஆகஸ்ட் 18

புது வரைபடம். கீழ்த்தெரு சிவப்பு இல்லை, கருஞ்சிவப்பு. இனி மழையும் கூடுமாம். அந்த உயரத்தைத் தாங்குகிற சுவருக்கு அடித்தளமே தெரு அகலம் வேண்டுமாம். அதனால் சுவர் கிடையாது. நாற்பத்தொரு வீட்டையும் காலி செய்து, மேட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குடியமர்த்துவார்களாம்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது.

"வேற மாதிரி போட்டுப் பாரேன்" என்று அவளிடம் கெஞ்சினேன். நான், கெஞ்சினேன்! "ஏழு விதமாப் போட்டுப் பாத்துட்டேன் மேடம்" என்றாள். சொல்லும்போது அவள் முகமும் சரியில்லை. அதைப் பார்த்து இன்னும் எரிச்சல்தான் வந்தது.

ஆகஸ்ட் 20

தம்பி ஆபீஸுக்கே வந்துவிட்டான். லேப்டாப் அவன் உட்கார ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டாள். அவன் அதை உதைத்தான்.

"சுவரு கேட்டா வீட்டையே புடுங்குறியா? ஊரான் கூட இப்படிப் பண்ண மாட்டான். நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நாங்க பாட்டுக்கு இருந்திருப்போம்!"

"இருந்திருப்பீங்க, அடுத்த வெள்ளம் வரைக்கும்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

"இனிமே எனக்கு அக்கான்னு ஒருத்தி கிடையாது."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டைப்பிஸ்ட் தட்டுவதைக்கூட நிறுத்திவிட்டாள். வேடிக்கை பார்க்க அவ்வளவு ஆசை.

ஆகஸ்ட் 29

மெமோ வந்தது. 'கடமையில் கவனக்குறைவு.' இரண்டு பக்கம். இன்னொரு பலகை கேட்டு நான் எழுதிய இரண்டு கடிதத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

செப்டம்பர் 5

லேப்டாப் ஊருக்குப் போய்விட்டாள். போவதற்கு முன்னால் பாலத்து மேலிருந்தே தெரிகிற மாதிரி எட்டு மீட்டர் வரைக்கும் புதுப் பலகை மாட்ட வைத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை.

மார்ச் 2

கீழ்த்தெரு காலி. சாமான் தூக்கப் போனேன். மர பீரோ வண்டியில் ஏறவில்லை, அங்கேயே விட்டுவிட்டார்கள். அன்றைக்குப் பீரோ மேல் இருந்த குழந்தை, என் மருமகள், ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். அவளைத் தம்பி கூப்பிட்டான். என்னைக் கூப்பிடவில்லை.

அக்டோபர் 19

காலை ஆறு மணி 3.70. ஒன்பது 4.10. படி முழுகியது. பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்று எழுதினேன். பத்து 4.62. பன்னிரண்டு 5.48. இரண்டு 6.11. மூன்று 6.20.

மூன்றேகாலுக்குப் போன். தம்பி. பதினான்கு மாதத்துக்குப் பிறகு.

"எவ்வளவு?"

"ஆறு புள்ளி ரெண்டு."

அந்தப் பக்கம் மருமகள் ஏதோ பாடம் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தது கேட்டது.

"பீரோவுக்கு மேல" என்றான்.

"ஆமா. பீரோவுக்கு மேல."

வைத்துவிட்டான்.

நாலு மணி 6.20. ஐந்து 6.14.